யாருடைய பெயர் பட்டியலில் வரும்?
மைதானம், பொதுப்பணம், அணித்தெரிவு

(மல்லாவியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேசும்படி இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் கேட்டார்கள். விளையாட்டுக்கென்று ஒதுக்கப்படும் காசு எந்த ஊரில், என்ன வடிவத்தில் போய் இறங்குகிறது என்பதைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டேன். சம்மதித்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது 1982 இல். அன்று தொட்டு இன்றுவரை வட மாகாணத்தில் ஓர் ஆண்கள் சர்வதேசப் போட்டிகூட நடந்ததில்லை. ஆகவே அந்த அடிக்கல்லைப் பார்த்து எங்கள் பெடியள் மகிழ்ந்ததில் முழு நியாயம் இருக்கிறது. அந்த மகிழ்ச்சியைக் குறைக்க நான் வரவில்லை. மல்லாவியில் இருந்து மண்டைதீவுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்த நூறு கிலோமீற்றரையும் கணக்கில் எடுத்து இதைப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு மைதானத்தை எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது, கட்டிய பிறகு அதை யார் பராமரிப்பது என்று முடிவெடுக்கும்போதே, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அணியில் எந்தப் பிள்ளை இருக்கும், எந்தப் பிள்ளை இருக்காது என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. மைதானத்துக்குக் காசு ஒதுக்குவதும் ஒருவகை அணித்தெரிவு. தெரிவுக்குழு கூடும்போது பாதித் தெரிவு ஏற்கெனவே முடிந்திருக்கும்.

முதலில் கொஞ்சம் தூரம் போய்வருவோம். ரொறன்ரோவுக்கு. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் அங்கே உறவு இல்லாதவர்கள் குறைவு. 2025 ஒக்டோபரில் ஸ்கார்பரோவில் இருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் எல்லாம் பேஸ்போல்தான். ரொறன்ரோவின் புளூ ஜேய்ஸ் அணி இறுதித் தொடருக்குப் போயிருந்தது. 1992 இலும் 1993 இலும் கிண்ணம் வென்ற அணி அதற்குப் பிறகு இறுதித் தொடரைக் கண்டதே இல்லை. இம்முறை லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணியோடு ஏழாவது ஆட்டம்வரை போய், நவம்பர் 1 ஆம் திகதி, மேலதிகச் சுற்றுகளில், 5 இற்கு 4 என்ற கணக்கில் தோற்றது.

அந்த ஏழாவது ஆட்டம் நடந்த அரங்கின் கதை எங்களுக்கு வேண்டிய கதை. ஸ்கைடோம் என்ற பெயரில் 1989 இல் திறந்தார்கள். மூடித் திறக்கும் இராட்சதக் கூரை. உலகமே வந்து பார்த்தது. மாகாண அரசும் மாநகரமும் பெருநிறுவனங்களும் சேர்ந்து போட்ட காசு. முடிவில் ஏறக்குறைய 570 மில்லியன் கனேடிய டொலர் செலவாகிவிட்டது. கடன் ஏறிக்கொண்டே போக, ஒன்ராறியோ மாகாண அரசு தொண்ணூறுகளின் நடுவில் அரங்கை நட்டத்துக்குக் கைமாற்றியது. கடைசியில் 2004 இல், அணியின் உரிமையாளரான ரொஜர்ஸ் நிறுவனம் அதே அரங்கை 25 மில்லியன் டொலருக்கு வாங்கிக்கொண்டது. கட்டிய விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அரங்கும் அணியும் இப்போது ஒரே நிறுவனத்தின் கையில். கட்டியபோது ஏறிய கடனின் பெரும்பகுதியை வரி செலுத்திய மக்கள் சுமந்தார்கள். அந்த மக்களில் எண்பதுகளில் போய் இறங்கிய எங்கள் ஆட்களும் அடக்கம். இரவு வேலை செய்து கட்டிய வரி அது.

மொன்றியல் இன்னும் மோசம். 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கின் கடனைப் புகையிலை வரியையும் போட்டு அடைத்து முடித்தபோது 2006 ஆகிவிட்டது. அந்த அரங்கில் ஆடிய எக்ஸ்போஸ் என்ற பேஸ்போல் அணி 2004 ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஊரை விட்டே போய்விட்டது. அணி போன பிறகும் மக்கள் கடன் கட்டினார்கள்.

அமெரிக்கப் பொருளியலாளர்கள் ரொஜர் நோல், அன்ட்ரூ சிம்பலிஸ்ட் இருவரும் தொகுத்து 1997 இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதைத்தான் ஊர் ஊராக எடுத்துக் காட்டியது: அரங்குக்குக் கொட்டிய பொதுப்பணம் வேலைவாய்ப்பாகவோ வருமானமாகவோ அந்த ஊருக்குத் திரும்பி வருவதில்லை. அதற்குப் பிறகும் அரசுகள் கொட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓக்லண்ட் நகரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆடிய அத்லெற்றிக்ஸ் அணியை லாஸ் வேகாசுக்கு இழுக்க, 2023 யூனில் நெவாடா சட்டசபை 380 மில்லியன் டொலர்வரை பொதுப்பணம் தர ஒப்புக்கொண்டது. ஆனால் கன்சாஸ் சிற்றியில் வேறு விதமாக நடந்தது. றோயல்ஸ் பேஸ்போல் அணிக்குப் புதிய அரங்கு கட்டவும் அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணியின் அரங்கைப் புதுப்பிக்கவும் விற்பனை வரியை 40 ஆண்டுகளுக்குத் தொடரலாமா என்று 2024 ஏப்ரலில் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள் மக்கள். அந்த வாக்குச்சீட்டை மனதில் வைத்திருங்கள்; பிறகு அதற்கு வருகிறேன்.

ரொறன்ரோவில் காசு வீணான கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் அவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். அவர்களிடம் நாம் படிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அந்த இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ட்ரே யெசாவேஜ் என்ற புதுப் பந்துவீச்சாளர் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். புதுமுகம் ஒருவர் இறுதித் தொடரில் அத்தனை பேரை வீழ்த்தியது அதுவே முதல் தடவை. அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஆடிக்கொண்டிருந்தது புளோரிடாவில், கீழ்ப்படியில் உள்ள ஒரு சிறு அணியில். அங்கிருந்து வன்கூவர், பிறகு நியூ ஹாம்ஷயர், பிறகு பஃபலோ, செப்டெம்பரில் ரொறன்ரோ. ஒரே ஆண்டில் அத்தனை படி. ஒவ்வொரு படியிலும் சொந்த மைதானம், பயிற்றுநர், மருத்துவர், ஒவ்வொரு பந்தையும் எழுதி வைக்க ஓர் ஆள். ஒரு படியில் இருந்து அடுத்த படிக்குப் போகும் பயணச் செலவு வீரனின் தகப்பனுடையதல்ல, கழகத்தினுடையது.

எங்களிடமும் படிகள் இருக்கின்றன. பாடசாலை, கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று எண்ணினால் அவர்களுடையதை விட ஒரு படி கூட. படிகளுக்கு இடையில் உள்ள தெருவுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இனி அம்பாந்தோட்டை மாவட்டத்தில் உள்ள சூரியவெவவுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் சூரியவெவ எங்களைப் போன்ற ஊர். உலர் வலயம். எங்களுக்கு வவுனிக்குளம், அவர்களுக்கு வளவை. குளத்துத் தண்ணியை நம்பி நெல் விதைக்கிற, யானைக்குக் காவல் இருக்கிற, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூரம் போகிற விவசாயக் குடியேற்றம். அந்த ஊருக்குப் பக்கத்தில் காட்டை வெட்டி, 35,000 பேர் இருக்கக்கூடிய சர்வதேச கிரிக்கெட் மைதானத்தைக் கட்டினார்கள். பதவியில் இருந்த ஜனாதிபதியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2011 உலகக் கிண்ணம்தான் காரணம் என்றார்கள். உலகக் கிண்ணத்தில் அங்கே நடந்தது இரண்டு ஆட்டம்: இலங்கையும் கனடாவும், பாகிஸ்தானும் கென்யாவும்.

அதே காலத்தில் பல்லேகலவிலும் புது மைதானம், கெத்தாராமவில் பிரேமதாச அரங்குக்குப் பெரும் திருத்தம். மூன்றையும் ஒரே மூச்சில் செய்த இலங்கை கிரிக்கெட் நிறுவனம் கடனில் மூழ்கியது. 1996 இல் உலகக் கிண்ணம் வென்று ஆசியாவிலேயே வசதியான சபைகளில் ஒன்றாக வளர்ந்திருக்க வேண்டிய நிறுவனம் அது. உலகக் கிண்ண இறுதிப்போட்டிவரை போய்வந்த வீரர்களுக்கே மாதக்கணக்காகக் கொடுப்பனவு கிடைக்கவில்லை. 2011 டிசம்பரில் சர்வதேச கிரிக்கெட் சபையிடம் இருந்து வந்த பணத்தில்தான் அவர்களுடைய நிலுவையின் ஒரு பகுதியாவது தீர்க்கப்பட்டது. அந்த ஆண்டு யூலையில் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் குமார் சங்கக்கார ஆற்றிய கவ்ட்ரி நினைவுச் சொற்பொழிவை நீங்கள் அறிவீர்கள். கிரிக்கெட் நிருவாகம் எப்படிச் சீரழிந்தது என்று அணியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர் வெளிநாட்டு மேடையில் வெளிப்படையாகப் பேசினார். விளையாட்டு அமைச்சர் விசாரணை நடத்தப்போவதாகச் சொன்னார். பேச்சின் மீதுதான் விசாரணை.

இதையும் சேர்த்து வையுங்கள்: 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியை அம்பாந்தோட்டையில் நடத்தக் கேட்டார்கள். 2011 நவம்பரில் வாக்கெடுப்பு. கோல்ட் கோஸ்ட் நகரத்துக்கு 43, அம்பாந்தோட்டைக்கு 27. அதை நம்பிப் போட்ட திட்டங்கள் காற்றில் போயின. சூரியவெவ மைதானம் மட்டும் நின்றது. இடையில் இரண்டு ஆண்டுகள் சர்வதேச ஆட்டமே இல்லாமல் கிடந்து, 2017 யூலையில் சிம்பாப்வே வந்து அங்கே ஆடி, தொடரையும் வென்று போனது.

சூரியவெவ மக்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 35,000 இருக்கைகள் கொடுத்தார்கள். அந்த ஊர்ப் பாடசாலைப் பிள்ளைக்கு மாலை நான்கு மணிக்கு அந்த வாசல் திறந்ததா என்பதுதான் என் கேள்வி. சர்வதேசத் தரம் என்று சொல்லப்படும் புல்தரையில் ஊர்ப் பிள்ளை கால் வைக்க முடியாது. காவலாளி இருப்பார், பூட்டு இருக்கும், அனுமதிக் கடிதம் கொழும்பில் இருந்து வர வேண்டும். எந்த நாட்டிலும் பெரும் அரங்குகளின் இயல்பு அதுதான். ஊருக்குள் கட்டினாலும் ஊர் அதற்கு வெளியே நிற்கும்.

2020 மே மாதம் ஹோமாகமவில் 60,000 பேருக்கு இன்னொரு மைதானம் என்று அறிவித்தார்கள். நாடு கொரோனாவில் பூட்டிக் கிடந்த நேரம். இருக்கிற மைதானங்களிலேயே போதுமான ஆட்டம் இல்லையே என்று மஹேல ஜயவர்தன பகிரங்கமாகக் கேட்டார். முன்னாள் அணித்தலைவர்களைப் பிரதமர் அழைத்துப் பேசினார். சில நாட்களில் திட்டம் கைவிடப்பட்டது. கேள்வி கேட்டால் நிற்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் கேட்டவர் மஹேல. எங்களில் ஒருவர் கேட்டிருந்தால் நின்றிருக்குமா?

அணித்தெரிவுக்கு வருவோம். எங்கள் நாட்டில் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்து போகும் எந்த அணிக்கும் விளையாட்டு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 2017 டிசம்பரில் இந்தியாவுக்குப் புறப்பட்ட கிரிக்கெட் வீரர்களை, ஒப்புதல் கொடுக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சர் திருப்பி அழைத்த செய்தி நினைவிருக்கும். விமானத்தில் ஏற இருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். 2023 நவம்பரில், இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட சில நாட்களில், அமைச்சர் கிரிக்கெட் சபையையே கலைத்தார். சர்வதேச சபை இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்க 2024 ஜனவரி ஆனது. அதே 2023 இல் உதைபந்தாட்டத்திலும் உலகச் சம்மேளனம் எங்களை ஜனவரி முதல் ஓகஸ்ட்வரை விலக்கி வைத்திருந்தது. இவற்றைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுத வேண்டியவைதான்.

ஆனால் நான் பார்த்த அணித்தெரிவு ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பத்திரிகையும் எழுதாதது.

வன்னியில் ஒரு பாடசாலை. மாவட்ட மட்ட உதைபந்தாட்டத்துக்கு முதல் நாள் மாலை. உடற்கல்வி ஆசிரியர் மேசையில் அப்பியாசக் கொப்பியை விரித்து வைத்துப் பெயர் எழுதுகிறார். பதினெட்டுப் பேர் கொண்டுபோகலாம். பேசியிருக்கும் வானில் பதினாறு பேர் இருக்கலாம். அவரும் பொறுப்பாசிரியரும் ஏறினால் பிள்ளைகளுக்குப் பதினான்கு. பதினெட்டுப் பெயரையும் எழுதிவிட்டுப் பேனையை வைத்துக்கொண்டு இருந்தார். முதலில் வெட்டியது மாற்றுப் பந்துக்காப்பாளரை. பிறகு இரண்டு சின்னப் பெடியள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான்காவதாக வெட்டிய பெயரை நான் எட்டிப் பார்த்தேன். பின்வரிசையில் ஆடுகிற பெடியன், அணியில் அவனளவுக்கு உயரத்தில் வந்து பந்தைத் தலையால் வெட்டக்கூடிய ஆள் வேறு இல்லை. ஏன் சேர் என்று கேட்டேன். ஆட்டம் முடிந்து திரும்பி வர ஏழு மணி தாண்டும், இவனுடைய ஊருக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு, வீட்டில் கூட்டிக்கொண்டு போக மோட்டார் சைக்கிள் இல்லை, யானை வருகிற பாதையில் நடந்து போ என்று சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதே பெயரைத்தான் வெட்டியிருப்பேன்.

அந்தப் பெடியனின் பெயர் மாவட்டத்தில் இல்லை. ஆகவே மாகாணத்தில் இல்லை. ஆகவே கொழும்பில் அமைச்சர் ஒப்பமிடும் எந்தத் தாளிலும் ஒருநாளும் வராது. அரங்குகளையும் அடிக்கல்லையும் பற்றி என்ன பேசினாலும், அந்தக் கொப்பியில் விழுந்த கோட்டை அழிக்காத திட்டம் எனக்கு விளையாட்டுத் திட்டமாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்தில், சரியாக நடந்த ஒன்றையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மைதானம். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமர் நடக்கிற இடம். பெரிய கோபுரங்கள் இல்லை. ஆனால் மணி அடித்தவுடன் பிள்ளை கடந்து போய் இறங்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது, பாடசாலையின் கையில் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் அப்படியே இருக்கிறது. அந்த மைதானத்தில் சுழல்பந்து வீசிப் பழகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் இறங்கினார். 2023 ஒக்டோபரில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார். 2024 இல் ஐ.பி.எல்லில் ஹைதராபாத் அணிக்கு வீசினார். இவரை வெளிக்கொண்டு வந்தது சர்வதேச அரங்கு அல்ல. பாடசாலை மைதானம், பாடசாலைப் பயிற்றுநர்.

பக்கத்திலேயே துரையப்பா விளையாட்டரங்கு. போர்க்காலத்தில் பாழடைந்து கிடந்ததை இந்திய உதவியில் திருத்தி 2016 யூனில் திறந்தார்கள். ஏறக்குறைய 1,850 பேருக்கு இருக்கை. அளவான வேலை என்பேன். ஊருக்கு நடுவில் இருப்பதால் பாவிக்கப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி லங்கா பிரீமியர் லீக்கை 2020, 2021, 2022, 2024 என்று நான்கு தடவை வென்றது. அதில் ஓர் ஆட்டமும் யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. 2020 டிசம்பரில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் முதலாவது கிண்ணத்தைத் தூக்கியது எங்கே தெரியுமா? சூரியவெவவில். பெருந்தொற்றுக் காரணமாகப் பார்வையாளர் இல்லாமல், வெறும் இருக்கைகளுக்கு முன்னால். பெயர் எங்களுடையது, அரங்கு அவர்களுடையது. பார்த்துக் கைதட்ட இரண்டு ஊரில் ஒருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

பேஸ்போல் பற்றித் தொடங்கினேன். எங்கள் நாட்டு பேஸ்போலையும் சொல்லிவிடுகிறேன். ஹோமாகம தியகமவில் ஜப்பானின் உதவியோடு அமைந்த மைதானம் ஒன்று இருக்கிறது. ஜப்பானியத் தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் வந்து பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். 2019 இல் மேற்காசியக் கிண்ணத்தை இலங்கை வென்றது. பெரிய அரங்கு கட்டாமல், ஒரு திடலும் பழக்க ஆளும் தொடர்ச்சியும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்த அணியில் வன்னிப் பிள்ளைக்கு இடம் இருக்குமா? எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் அந்நியமில்லை. எல்லே ஆடுகிறார்கள். தடியால் பந்தை ஓங்கி அடித்துவிட்டு வட்டமாக ஓடத் தெரிந்த பிள்ளைக்கு பேஸ்போல் பழக அதிக நாள் எடுக்காது. தடை வேறு இடத்தில். இந்த நாட்டில் பேஸ்போல், மெய்வல்லுநர், குத்துச்சண்டை போன்ற ஆட்டங்களில் மூத்த வீரர்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் முப்படை அணிகள். பாடசாலை முடிந்ததும் அங்கே வேலை கிடைக்கிறது, பயிற்சி கிடைக்கிறது, பயணச் செலவு கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்த வழியில் போவதில்லை. ஏன் என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பதினெட்டு வயதில் ஓட்டம் நிற்கிறது. வெளிநாடு, கூலி வேலை, வயல். இதற்குப் பதிலாக ஒரு வழியை மாகாணமோ உள்ளூராட்சியோ அமைக்காதவரை எந்த மைதானமும் இந்த வெட்டை நிரப்பாது.

சரி, மல்லாவிக்கு என்ன வேண்டும்?

எங்கள் மைதானங்களைக் கிட்ட நின்று பாருங்கள். மாரி மழையில் மூன்று மாதம் தண்ணி தேங்கும். வடிகால் ஒன்று வெட்டினால் போதும். அது இல்லாமல் போவதால் ஆண்டில் கால்வாசி பயிற்சி இல்லை. தை பிறந்ததும் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டிக்கு அவசரம் அவசரமாக நிலத்தைச் செருக்கி, கயிறு பிடித்து, நீறு போட்டுக் கோடு இழுப்போம். நாலைந்து கிழமையில் மாடு மிதித்துக் கோடு போய்விடும். ஆவணியில் நிலம் வெடிக்கும்; விழுகிற பிள்ளையின் முழங்கால் தோல் உரியும். சிலவற்றில் பார்வையாளர் மண்டபம் இருக்கிறது, திறந்துவைத்தவரின் பெயர்ப்பலகையும் இருக்கிறது. குடிக்கத் தண்ணிக் குழாய் இல்லை. பெண் பிள்ளைகள் உடை மாற்ற அறை இல்லை. வெளிச்சம் இல்லாததால் மாலை வகுப்பு முடிந்து வருகிற பிள்ளைக்கு இருட்டிவிடுகிறது. அதில் முதலில் நின்றுபோவது பெண் பிள்ளைகளின் பயிற்சி. வலைப்பந்தாட்டத்துக்கு ஏறக்குறைய முப்பது மீற்றர் நீளமும் பதினைந்து மீற்றர் அகலமும் உள்ள தளம் போதும். புன்னாலைக்கட்டுவனில் இருந்து போன தர்ஜினி சிவலிங்கம் 2018 இல் இலங்கைக்கு ஆசியக் கிண்ணத்தை வென்றுகொடுத்த அணியில் ஆடியவர். அத்தனை சிறிய தளத்தில் இருந்து அத்தனை தூரம் போக முடிந்திருக்கிறது. துணுக்காய்க் கல்வி வலயத்தில் நல்ல கொங்கிறீற் தளத்தோடும் வெளிச்சத்தோடும் பெண்கள் ஆடக்கூடிய இடங்கள் எத்தனை என்று அதிபர்கள் எழுந்து சொல்லட்டும்.

இந்தக் குறைகள் ஏன் தீர்வதில்லை? காசு இல்லாமல் அல்ல. காசு வருகிற வழியால். வரவு செலவுத் திட்டத்தில் மூலதனச் செலவு என்று ஒன்று, மீண்டெழும் செலவு என்று ஒன்று. கட்டடம் மூலதனம். கட்டினால் படம் எடுக்கலாம், கல்வெட்டு வைக்கலாம், ஆண்டு முடிவதற்குள் செலவுக் கணக்கைக் காட்டலாம். புல் வெட்டுகிறவரின் சம்பளம், பந்து, வலை, மின்சாரக் கட்டணம், வானுக்கு டீசல் எல்லாம் மீண்டெழும் செலவு. அதற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை. கிளிநொச்சியில் போருக்குப் பிறகு தொடங்கிய சர்வதேச விளையாட்டு மைதானத்தின் வேலை எத்தனை ஆண்டு இழுபட்டது என்று நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம். ஏ-9 வீதியில் போகும்போதெல்லாம் கண்டோம்.

கன்சாஸ் சிற்றி மக்களின் வாக்குச்சீட்டை இப்போது நினையுங்கள். அவர்களிடம் கேட்டார்கள். எங்களிடம் கேட்க மாகாணத்தில் ஒரு சபையாவது இருக்கிறதா? வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. மாகாண விளையாட்டுத் திணைக்களத்தின் காசு எங்கே போக வேண்டும் என்று கேட்க, நாங்கள் தெரிவு செய்த ஒருவரும் அந்தச் சபை மண்டபத்தில் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விடயம்.

மண்டைதீவு மைதானம் வரட்டும் என்றுதான் நான் சொல்கிறேன். ஆனால் கொங்கிறீற் காய்வதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. அது கடல்நீரேரி சூழ்ந்த தாழ்நிலம். சூழலியலாளர்கள் எழுப்பிய அச்சத்துக்கு ஆவணத்தோடு பதில் வேண்டும். ஆட்டம் இல்லாத நாட்களில் பாடசாலைகளுக்கு அந்தத் திடல் திறக்குமா, எந்த நாட்களில் என்று எழுத்தில் வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு யார் தலையில் என்று எழுத்தில் வேண்டும். இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தின் காசுதானே, பொதுப்பணம் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். நாட்டின் பெயரை விற்றுச் சம்பாதிக்கும் காசு நாட்டின் காசுதான். அங்கே நடக்கும் ஒவ்வொரு சர்வதேச ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு வருமானத்திலும் ஒரு பங்கு வடக்கின் ஐந்து மாவட்டப் பாடசாலை மைதானங்களுக்குப் போக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் தருவார்களா என்று தெரியாது. ரொறன்ரோவில் தொடக்கத்திலேயே இப்படி எழுதி வாங்கியிருந்தால், மக்கள் போட்ட காசில் கொஞ்சமாவது மக்களுக்குத் திரும்பியிருக்கும்.

எங்கள் கையில் இன்றைக்கே இருப்பது துணுக்காய்ப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். விளையாட்டுக் கழகத் தலைவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வழக்கமாக நாம் அங்கே மண்டபமும் மதிலும் கேட்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு மூன்று கோரிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். மழைக்கு முன் மைதானங்களுக்கு வடிகால். கிழமையில் ஐந்து நாளும் வெளிச்சத்தோடு பெண் பிள்ளைகளுக்கு ஒரு வலைப்பந்துத் தளம். மாவட்டப் போட்டிகளுக்குப் போகிற ஒவ்வொரு அணிக்கும் பதினெட்டுப் பிள்ளைகளும் பொறுப்பாசிரியர்களும் இருந்து போகக்கூடிய பஸ், அந்த பஸ் திரும்பி வரும்போது பிள்ளையை அவனவன் ஊர்ச் சந்தியில் இறக்கிவிட்டுப் போகும் என்ற நிபந்தனையோடு. மூன்றாவதை முதலில் கேளுங்கள். டீசல் கணக்கைப் போட்டுக்கொண்டு போய்க் கேளுங்கள். கணக்கைப் போட்டுத் தர உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.